வாட்டம் எந்தப் பக்கம்?

போன வாரம் செம மழை மக்களே. எங்க உத்திரமேரூர் பக்கம் மொத்தமா கரண்ட் போயிடுச்சு. தெருவே வாசல்ல உக்காந்து கொசு அடிச்சிக்கினு இருந்துச்சு. நான் மட்டும் வூட்டு முன்னாடி இருக்கற டெக்குக்கு அடில போய் அண்ணாந்து பாத்துக்கினு நின்னேன்.

ஒரு சொட்டு விழல.

மேல தடதடனு கொட்டுது. கீழ தரை காஞ்சு கெடக்கு. நியாயமா பாத்தா நான் குத்தாட்டம் போட்டிருக்கணும்ல? போடல. உள்ள வந்துட்டேன்...

மாடில டெக் போட்டத இங்க எழுதுனதுலேர்ந்து நெறைய பேர் கேக்கறீங்க — "ப்ரோ, கீழ சொட்டாம இருக்க எந்த டிரைனேஜ் பெஸ்ட்?" பதில் சொல்றேன். ஆனா அது எங்க அக்கா கதையாதான் வரும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

அந்தப் பத்தி படிக்காதவங்களுக்கு — டெக்னா மாடி ரூம் கதவத் தொறந்தா வெளிய நீட்டிக்கினு நிக்கிற மேடை. இரும்புத் தூண், அதுமேல இரும்பு சட்டம், அதுக்கும் மேல பலகை. தண்ணி தேங்காம இருக்க பலகைக்கு நடுவுல கேப். எங்க தெருல எவனும் இந்த மாதிரி பாத்ததில்ல. அம்மா "பரண்"னு பேர் வெச்சிருச்சு. எதிர் வூட்டு மாமா, வேர்க்கடலக் கொல்லைல காவலுக்குக் கட்டுவாங்களே, அத நெனச்சிக்கினு, "இன்னாடா, பன்னி வெரட்டப் போறியா?"னு கேட்டாரு.

ஒருத்தி மட்டும் மேல பாக்கல. கீழ பாத்தா. எங்க கலா அக்கா.

புருஷன் கூட ஒத்து வராம அப்பதான் வூட்டுக்குத் திரும்பி வந்திருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடியே பியூட்டிஷியன் கோர்ஸ் முடிச்சவ. தூண் நட்டப்பவே வந்து நின்னா.

"டேய், இதுக்குக் கீழ நான் பார்லர் வெச்சிக்கட்டா?"

"வெச்சிக்கோயேன். இன்னா இப்ப?"

"தலைல சொட்டாம இருந்தா போதும்டா. வேற ஒன்னும் வாணாம்."

கேட்டது அது ஒன்னுதான்.

சொட்டாம இருக்க ரெண்டு வழி கீது. ஒன்னு, பலகை போட்றதுக்கு முன்னாடியே இரும்பு சட்டத்துக்கு மேல ரப்பர் ஷீட் விரிக்கறது. ரெண்டு சட்டத்துக்கு நடுவுல அத வாய்க்கா மாதிரி தொங்க வுட்டா, கேப்ல எறங்கற தண்ணி நேரா ஓரத்துல தண்ணி வடிய வெச்சிருக்கற கட்டருக்குப் போயிடும். சட்டமும் துரு புடிக்காது. ஆனா வேலை இழுக்கும். இன்னொன்னு, பலகை எல்லாம் போட்டு முடிச்சிட்டு, அடில சீலிங் மாதிரி பிவிசி ஷீட் அடிக்கறது. ஈஸி. எப்ப வேணா அடிச்சிக்கலாம்.

அந்த "எப்ப வேணா"லதான் நான் வுழுந்தேன்.

வெல்டர் கோபி என் கூடப் படிச்சவன். "மச்சி, மேல பலகைய ஏத்திடுவோம். கீழ அப்பால பாத்துக்கலாம்"னான். எனக்கும் அவசரம். காலேஜ் பசங்க வர்றானுங்க, ரீல்ஸ் எடுக்கணும், ஏரி பின்னாடி தெரியணும்... பலகை ஏறிடுச்சு. ரீல்ஸ் பிச்சிக்கினு போச்சு. கமெண்ட்ல எவனாச்சும் "கீழ இன்னா ப்ரோ கீது?"னு கேட்டானா? கேக்கலயே.

அப்பறம் ஷீட் அடிக்க வந்தான் கோபி. அங்கதான் எங்க நைனா என்ட்ரி.

கட்டட வேலைல 'வாட்டம்'னு ஒரு வார்த்தை. தண்ணி ஓட்றதுக்கு வுட்ற சரிவு. எங்க வூடு மேக்க பாத்த வூடு, தெரு அந்தப் பக்கம்தான். வூட்ட வுட்டுத் தள்ளி, தெருப் பக்கம் வாட்டம் குடுத்தா சோலி முடிஞ்சுது. நைனா ஒத்துக்கல.

"தண்ணி ஈசானி மூலைக்குத்தான் ஓடணும்."

"நைனா, அது வடகெழக்கு, சுவத்து ஓரம். மேல பக்கத்து வூட்டு வேப்ப மரம் வேற கீது. எல எல்லாம் உள்ள வுழும்."

"மேக்கால தண்ணி ஓட்ற வூட்ல பொண்ணு நெலைக்க மாட்டாடா. அவ ஒரு வாட்டி பட்டது போதும். இங்கயாச்சும் நெலைக்கட்டும்."

வாஸ்துவ இதே பத்தில கலாய்ச்சவன் நான். தலையாட்டிட்டேன். நைனா மனசு நோகக் கூடாதுன்னு மட்டும் இல்ல, சீக்கிரம் முடிஞ்சா சரின்னும் இருந்துச்சு. ஈசானி மூலைக்கே வாட்டம் குடுத்தோம். அந்தச் சுவத்துலதான் பிளக் பாயிண்ட், கண்ணாடி. அதனால அக்காவோட சேரும் அங்கயே.

பார்லர் சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே ஓடுச்சு. ஸ்கூல் டீச்சருங்க வந்தாங்க. அக்கா சிரிக்க ஆரம்பிச்சா. மானாம்பதிலேர்ந்து மொத பிரைடல் ஆர்டர். நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணு, அம்மா, பெரியம்மானு ஒரு வேன் ஜனம். அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நல்ல மழை. அன்னிக்குக் காலைல வுட்டுடுச்சு, வெயில் கூட அடிச்சுது.

நான் எங்க இருந்தேன்? மேல. பொண்ணோட அண்ணனுங்களுக்கு டெக்க சுத்திக் காட்டிக்கினு இருந்தேன். "இந்தப் பலகை லைஃப்டைம் ப்ரோ"ன்னு எட்டி எட்டி மிதிக்கறேன்...

கீழ அலறல்.

வேப்ப எல மூலைல அடைச்சிக்கினு, போக வழியில்லாம தண்ணி தேங்கி, ஷீட் புள்ளத்தாச்சி வயிறு மாதிரி எறங்கியிருக்கு. நாங்க மேல குதிச்ச குதில ஜாயிண்ட் பிச்சிக்கிச்சு. ஃபேஸ்பேக் போட்டுக் கண்ண மூடிக்கினு இருந்த பெரியம்மா மூஞ்சில துருத் தண்ணி, அழுகுன எல, எல்லாம் ஒரே ஊத்து.

"அய்யய்யோ! இன்னாடி இது, காவாத் தண்ணியா!"

நான் ஓடி எறங்கறேன். பெரியம்மா மூஞ்சி பாதி வெள்ள, பாதி செவப்பு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, மறைக்க மாட்டேன். அப்பறம் அக்காவப் பாத்தேன். பொண்ணுக்குப் புருவம் எடுத்துக்கினு இருந்தவ. நூல் பல்லுலயே கீது. நூலக் கடிச்சிக்கினே நிக்கறா.

பொண்ணோட அம்மா, "நல்ல நாளும் அதுவுமா... எழுந்துருடி, போலாம்"னாங்க. ஒரு புருவத்தோட வேன் கெளம்பிடுச்சு.

அதோட வுட்டிருந்தாலும் அக்கா எழுந்திருப்பா. கோபிப்பய டீக்கடைல, "நம்ம ஊர் ஷவர் பார்லர்"னு ஒரு ஜோக் வுட்டான். நல்ல ஜோக்குதான். அதான் பேஜாரு. நல்ல ஜோக்கு நிக்காதுல்ல? தெருத் தெருவாப் போச்சு. வந்து எட்டிப் பாக்கறவங்க கூட, "இன்னா கலா, தலைக்கு ஊத்துவியா?"னு கேட்டுட்டுப் போனாங்க. அக்காவும் கூடச் சிரிச்சா. ஒரு நாள் சேரத் தொடச்சு, வாலாஜாபாத்ல பார்லர் வெச்சிருக்கற தோழிக்குக் குடுத்துட்டா. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில சேந்துட்டா. காலைல பஸ் வந்து மெயின் ரோட்ல ஹாரன் அடிக்கும், போயிடுவா. யாரும் போன்னு சொல்லல. யாரும் போகாதன்னும் சொல்லல...

அவ போனப்பறம்தான் நாங்க ஒழுங்கா வேலை பாத்தோம். பலகை எல்லாத்தையும் கழட்டி, சட்டத்து மேல ரப்பர் ஷீட் விரிச்சு, கட்டருக்கு எல அடைக்காம வலை போட்டோம். கோபி இந்த வாட்டி கூலி பத்தி வாயே தொறக்கல. வாட்டம் பாக்கற டியூப் லெவலோட ஒரு முனைய நைனாதான் புடிச்சிக்கினாரு. தரையப் பாத்துக்கினே சொன்னாரு — "மேக்காலயே வுட்றுடா."

ஸோ, உங்க கேள்விக்கு பதில்: மொத வழி. வூட்ட வுட்டுத் தள்ளி வாட்டம். பலகைக்கு முன்னாடி ஷீட். பக்கெட் தண்ணி மேல ஊத்தி, கீழ நிக்கப் போறவங்களயே நிக்க வெச்சுப் பாருங்க. நான் மேல நிக்கறவன் கண்ணாலயே எல்லாத்தையும் பிளான் பண்ணேன். தண்ணி எப்பவும் கீழ இருக்கறவங்க தலைலதான வுழும்? டெக்குல மட்டுமா?

அந்த மழை அன்னிக்கு அக்கா ஷிஃப்ட் முடிஞ்சு நனைஞ்சிக்கினே வந்தா.

"அக்கா, வாயேன். ஒரு சொட்டு விழல பாரு."

டெக்குக்கு அடில நின்னா. துப்பட்டாவப் புழிஞ்சிக்கினே அண்ணாந்து பாத்தா. கண்ணாடி மாட்டியிருந்த ஆணியப் பாத்தா. அதுக்குக் கீழ நிக்கற என் வண்டியப் பாத்தா.

"நல்லா கீதுடா. பைக் நனையாது."

உள்ள போயிட்டா. பைக் சத்தியமா நனையல மக்களே.