பாட இடம் விட்டு வாசித்தவர்

சேகர் அண்ணன் போய்விட்டார். காலையில் மாரடைப்பு. செங் வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரி கேண்டீனில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பார்த்தேன்...

பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது.

கல்யாணங்களுக்கு வாசிக்கும் எங்கள் பேண்டில் அவர் பாஸ் கிட்டார், நான் பாட்டு. எட்டு வருஷம்.

புதுப் பாட்டு என்றால் மற்றவர்கள் ஸ்கேல் கேட்பார்கள். அவர் வரிகளைக் கேட்பார். "பாடாத மா. சும்மா படி."

ஒரு பாட்டில் "வருவாயா" என்று ஒரு வரி முடியும். அடுத்த வரிக்கு முன் கொஞ்சம் இடைவெளி. அங்கே அவர் மேலே ஏறும் இரண்டே சுரம் வாசித்து, அப்படியே நிறுத்திவிடுவார்.

"அந்த இடைவெளிய நிரப்ப இன்னும் கொஞ்சம் ஃபில் போடலாமேண்ணே?" என்று கேட்டேன்.

"பாட்டுல அவ வருவாயான்னு கேட்டுட்டு நிக்கிறா லா. பதில நான் எப்படி சொல்றது?"

என் கணவர் வீட்டை விட்டுப் போன வாரம், புக்கிட் காத்திலில் ஒரு கல்யாணம். இரண்டாவது சரணத்தில் எனக்குக் குரல் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

அண்ணன் ஓரடி முன்னால் வந்து, நான் பாட வேண்டிய வரியை பாஸில் வாசித்தார். மெதுவாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு... நான் பாடுவது போலவே. ஜனங்கள் கை தட்டினார்கள்.

இறங்கியதும் கீபோர்டுக்காரர் கத்தினார், "யாரு உங்கள அங்க சோலோ வாசிக்க சொன்னா?"

"சாரி லா. ஒரு ஆசையில வாசிச்சிட்டேன்."

அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு பேண்ட் கலைந்தது. நான் லேப்டாப்பில் இசை டிராக் போட்டுத் தனியாகப் பாட ஆரம்பித்தேன். "ஒரு நாள் சேந்து வாசிப்போம்ணே" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். கூப்பிட்டதில்லை.

போன மாதம் ஒரு ஆடியோ அனுப்பியிருந்தார். "டைம் இருந்தா பாடி அனுப்பு மா." அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று வேலை முடிந்து காரில் உட்கார்ந்து திறந்தேன். வெறும் பாஸ். என் வரிகள் வர வேண்டிய இடத்தில் மட்டும் வாசிப்பு அடங்குகிறது. பின்னால் ஃபேன் ஓடும் சத்தம். ஒருமுறை அவர் இருமுகிறார்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, பதிவு செய்தபடி பாடினேன். கடைசி வரை.

யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

நல்லபடியா போங்கண்ணே...