இறுக்காமல் விட்ட போல்ட்

பத்தாவதோடு நின்றவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள்.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் தோட்ட வேலை பார்த்தபோது, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியைப் புல்லுக்குள் கிடந்த தண்டவாளத் துண்டில் மோதிவிட்டேன். பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கூடு நசுங்கியது. வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பிளேடைக் கழற்றி, கூட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். பிளேடைத் திரும்ப மாட்டி, போல்ட்டைக் கையால் திருகும்போது மேஸ்திரியின் குரல் கேட்டது. ஸ்பேனரால் இறுக்காமலே வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

பிளேடு கழன்று பறந்தது. பத்தடி தள்ளிப் பெருக்கிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் துடைப்பத்தை நறுக்கிவிட்டு மதிலில் மோதி விழுந்தது. பாதித் துடைப்பத்தோடு அவர் அப்படியே நின்றார். நான் என்ஜினை அணைத்தேன்.

"கால்ல பட்டுச்சாக்கா?"

"படல நைனா. நீ இன்னாத்துக்கு இப்டி நடுங்கிகினு கீற? எறங்கு மொதல்ல."

மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னாய்யா சத்தம்?"

"கல்லு பட்ருச்சி மேஸ்திரி," என்றார் கன்னியம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

அவருடைய கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்கள்.

"கல்லு இல்ல மேஸ்திரி. நான்தான் போல்ட்ட இறுக்கல," என்றேன்.

வேலைக்குப் பயந்து ஓர் உயிரை மறந்தேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

மறுநாள் வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கன்னியம்மாவோடு பெருக்கப் போட்டார்கள்.