மாமா ‘வேண்டாம்’ என்றார்

என் மாமனார் ‘வேண்டாம்’ என்றார். நான் மருத்துவரிடம் ‘சரி என்கிறார்’ என்று சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். அதில் ஒரு கால் போய்விட்டது... வலது கால், முழங்காலுக்குக் கீழே. அது என்னுடைய கால் அல்ல என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடுத்தவர் கால் என்றால்தான் எனக்கு அவ்வளவு துணிச்சல்!

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி மல்லிகாவிடம்கூட. அவளிடம் எப்படிச் சொல்வேன்? அது அவளுடைய அப்பாவின் கால்.

நான் யார் என்று கேட்பீர்கள். கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டைவாசி. தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவன். ரயிலில் நிறையப் படிப்பேன். அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை என்ற பெயரில் எதையாவது எழுதுவேன். ஆங்கிலச் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவனை எங்கள் தெரு சும்மா விடாது. பாதி வக்கீலாகவும் பாதி டாக்டராகவும் ஆக்கிவிட்டுத்தான் ஓயும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலுக்குச் சந்தேகங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும்.

“பில்லு கட்டாம பொணத்தத் தரமாட்டோம்ன்றாங்களே, செல்லுமா சார்?” செல்லாது. “கேஸ் ஷீட்டு காப்பி கேட்டா குடுத்துத்தான் ஆவணுமா?” ஆமாம், எழுதிக் கேளுங்கள். “அடிபட்டு வந்தவன போலீஸ் வந்தாத்தான் தொடுவாங்களாமே?” முதலில் உயிர், அப்புறம் போலீஸ்.

போன மாதம் ஓர் அம்மாள் வந்தார். “எங்க வூட்டுக்காரரு ஆபரேசன் வோணாம்ன்றாரு. புள்ளைங்கல்லாம் சேந்து கையெழுத்துப் போட்டா செஞ்சிடுவாங்களா சார்?”

கண் இமைக்காமல் சொன்னேன்: “முடியாதும்மா. நினைவு தெளிவா இருக்கிற பெரிய மனுஷர். அவர் உடம்பு, அவர் சம்மதம். பெத்த பிள்ளையா இருந்தாலும் கட்டின மனைவியா இருந்தாலும் அவருக்குப் பதிலாச் சரி சொல்ல முடியாது.”

அப்போது என் முகத்தில் எவ்வளவு யோக்கியம் வழிந்தது தெரியுமா! உள்ளறையில் மாமா இருமினார். நான் குரலைத் தணித்துக்கொண்டேன்.

மாமாவின் பெயர் முனிரத்தினம். நான் பெண் பார்க்கப் போன அன்று வந்திருந்த உறவெல்லாம் என் சம்பளத்தை விசாரித்தது. அவர் ஒருவர்தான், “சிரிப்பா எழுதுவீங்களாமே மாப்ள, ஒண்ணு எடுத்து வுடுங்க” என்றார். விட்டேன். கூடத்தில் அவரைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று முதல் என் எழுத்துக்கு அவர்தான் நிரந்தர ரசிகர். மல்லிகா வாசித்துக் காட்டுவாள். அவர் தப்பான இடங்களில் சிரிப்பார். நான் உருகி எழுதிய இரங்கல் கட்டுரை ஒன்றுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் சொந்த அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டவர். இந்த மனிதரிடம் எனக்கு இருந்தது வெறும் மரியாதை என்று எண்ணிவிடாதீர்கள். அது பேராசை!

சர்க்கரை வியாதிக்காரர். செருப்புக் கடித்த புண்ணை யாருக்கும் சொல்லாமல் பேண்டேஜ் ஒட்டி மறைத்துக்கொண்டு, சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் தன் சிநேகிதர்களைப் பார்க்க நடந்து போய்க்கொண்டே இருந்தார். வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதம் கறுத்திருந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோனோம்.

நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். மல்லிகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். “எப்டியாவது அப்பாவ வூட்டுக்குக் கூட்டியாந்துடுங்க” என்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ‘எப்படியாவது’... அந்தச் சொல்லை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாருங்கள், குற்றத்தில் அவளுக்கும் ஒரு பங்கு கொடுக்கப் பார்க்கிறேன்!

மருத்துவர் வடக்கிலிருந்து வந்த இளம்பெண். தமிழ் தெரியாது, கன்னடமும் ‘ஊட்டா ஆய்த்தா’ என்று சாப்பாடு விசாரிப்பதோடு சரி. என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். காலை எடுக்காவிட்டால் விஷம் உடம்பெங்கும் பரவிவிடும், பிழைப்பது அரிது என்றார். பிறகு சொன்னார்: “இது அவருடைய கால். எல்லாவற்றையும் அவரிடம் விளக்குங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றால் நான் தொடமாட்டேன். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.”

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இதைவிட ஒழுங்காக ஒரு மருத்துவர் நடந்துகொள்ள முடியுமா?

நான் மாமாவிடம் விளக்கினேன். அதுவரை நான் உத்தமன்தான். ஒரு சொல்லைக்கூட ஒளிக்கவில்லை. காய்ச்சல் இருந்தது, ஆனால் பேச்சில் துளி தடுமாற்றம் இல்லை.

“வோணாம் மாப்ள. நம்ம கோவிந்தன் இல்ல, கோவிந்தன்? அவனுக்கும் இதே மாதிரி எடுத்தாங்க. நாலு வருசம் ஜன்னலப் பாத்துக்கினே கெடந்தான். போனா, ‘எப்படா இட்டுக்கினு போவான்’னு மேல கைய காட்டுவான். எனக்கு அந்தக் கெதி வோணாம். பாத்ததெல்லாம் போதும். நான் நெதானமா யோசிச்சித்தான் சொல்றேன். டாக்டரம்மா மனசு நோவாம, மரியாதையா சொல்லிடுங்க.”

நான் மருத்துவரைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பேச்சு புரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அங்கிருந்த மலையாளி நர்ஸ். அவர் எதையோ எடுத்துவர வெளியே போயிருந்தார். அந்த அரை நிமிடம் அவர் அங்கே நின்றிருந்தால்... நான் இன்று நல்லவன். என் நேர்மைக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு நர்ஸின் நடமாட்டம்தான்!

“சரி என்கிறார்,” என்றேன். “உங்களை நம்புவதாகச் சொல்கிறார்.”

எழுத்தாளன் அல்லவா? ‘சரி’யோடு நிறுத்தத் தெரியவில்லை.

“அவ்வளவு நேரம் பேசினாரே?” என்று கேட்டார் மருத்துவர்.

“காலை எடுத்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொன்னார்.”

“அப்படியா? நல்லது. என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் முடிவெடுத்திருக்கிறார்.”

மாமா என்னைப் பார்த்தார். “இன்னா சொல்லுது?”

“புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டி அனுப்பறாங்களாம் மாமா. அதுக்கு ஒரு கையெழுத்து.”

போட்டார். ஆங்கிலத்தில் அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். ஒவ்வோர் எழுத்தாக, என் கையிலிருந்த அட்டைமேல் வைத்து எழுதினார். அட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டவன் நான்.

மயக்கம் தெளிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். என்னை அருகே கூப்பிட்டார்.

“மாப்ள, வேற எவனுக்கோ எடுக்க வேண்டியத எனக்கு எடுத்துட்டாங்க. ஓடிப் போயி சொல்லுங்க. அந்த ஆளு பாவம், காத்துக்கினு கெடப்பான்...”

“சொல்லிட்டு வரேன் மாமா” என்று வெளியே வந்தேன். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து, “சொல்லிட்டேன்” என்றேன். நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒருவன் உண்டா?

மல்லிகாவிடம் ‘அப்பா ஒத்துக்கொண்டார்’ என்றுதான் சொல்லியிருந்தேன். ஆகவே வீட்டுக்கு வந்த பிறகு அவர், “கேக்காம அறுத்துட்டா அந்தப் பொண்ணு” என்று சொல்லும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைப்பாள். ‘காய்ச்சலில் மறந்துவிட்டார், பாவம்’ என்று அதற்கு அர்த்தம். நானும் பதிலுக்குத் தலையசைப்பேன். பிறகு பேரப்பிள்ளைகள் அசைத்தார்கள். பிறகு தெருவே அசைத்தது.

யாருடைய நினைவைப் பார்த்துத் தலையசைத்தோம் தெரியுமா? தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் ஷாஃப்ட் என்ற ஆழக் குழியின் வாயில் நின்று மணியடித்தவர் அவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ், அவர் அடிக்கும் மணிக் கணக்கில்தான் அசையும். கீழே சுரங்கத் தளத்தில் இருப்பவன் அடித்ததை மேலே இன்ஜின் டிரைவருக்கு ஒன்று கூட்டாமல் குறைக்காமல் அடித்துச் சொல்ல வேண்டும். ஒரு மணி தவறினால் கூண்டோடு ஆட்கள் போவார்கள். அவர் கையால் ஒருவரும் போனதில்லை. “எனுக்கா மறதி?” என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார். நாங்கள் கனிவாகச் சிரிப்போம்...

டீக்கடையில் யாரோ அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் என்னையே கேட்டார்.

“கேக்காம அறுக்கலாமா மாப்ள?”

“கூடாது மாமா.”

“நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட முடியுமா?”

“முடியும்.”

“எத்தினி நாளுக்குள்ள?”

“ரெண்டு வருஷம்.”

மூன்று பதிலும் சரியானவை. என் சட்ட ஞானத்தில் ஓட்டையே கிடையாது! வக்கீல் ஊரில் இல்லை, கோர்ட்டுக்கு லீவு, மழை என்று இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிடலாம் என்பதுதான் என் திட்டம். பாதிக்கு மேல் ஓட்டியும்விட்டேன்.

ஆனால் ஒரு காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ராபர்ட்சன்பேட்டை வக்கீலைப் பார்க்க ஆட்டோ சொல்லிவிட்டாராம். “நீங்கதான் சாட்சி. ஏறுங்க.”

மல்லிகா ஓடி வந்தாள். “அப்பா, அந்தப் பொண்ணு தலையில பழிய போடாதீங்க. ஜொரத்துல நீங்களே சரின்னீங்க. மறந்துட்டீங்கப்பா.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. நான் இன்னா சொன்னேன்?”

அந்தக் கண்களில் சந்தேகம் துளியாவது இருந்திருக்கக் கூடாதா? இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அழுது, காலில் விழுந்து... எந்தக் காலில்? இருக்கும் ஒன்றில்! ஆனால் அங்கே நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. தன் நினைவைவிட என் வாயை அவர் நம்பினார்.

“சரின்னுதான் சொன்னீங்க மாமா.”

“அப்டியா...” சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். “மண்ட பூட்ச்சி போலக்குது. ஆட்டோவ அனுப்பிடுங்க.”

அன்றிலிருந்து ‘மாத்திரை போட்டேனா’ என்று மல்லிகாவிடம் இரண்டு தடவை கேட்கிறார். சாப்பிட்டு எழுந்து கைகழுவிவிட்டு, “நான் துன்னுட்டனா?” என்கிறார். அவர் மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்! காலை எடுத்ததையாவது, ‘உயிரோடு இருக்கிறார் பார்’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். இருக்கிறார்தான்... ஞாயிற்றுக்கிழமை எலும்புக் குழம்பு கேட்கிறார், பேத்தியின் முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார், என் கட்டுரைகளுக்குத் தப்பான இடத்தில் சிரிக்கிறார். கோவிந்தனைப் போல அவர் ஜன்னலைப் பார்த்துக் கிடக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் செய்தது சரி என்று தோன்றும். அடுத்த நொடி, “மாப்ள, நான் மாத்திர போட்டனா?”

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரைப் பார்த்துக் கைகூப்பினார். “இத்தினி நாளா இந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நானே சரின்னுட்டு மறந்துட்டேன். மன்னிச்சிக்கோன்னு சொல்லுங்க மாப்ள.”

“நன்றி சொல்கிறார்,” என்றேன்.

மருத்துவர் மலர்ந்தார். “அன்று துணிச்சலாக முடிவெடுத்தவர் அவர்தான் என்று சொல்லுங்கள்.”

இதை மட்டும் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் திரும்பும் ரயிலில் எதிர்சீட்டுக்காரருக்கு முதன்முறையாகக் கதை ஆரம்பமானது: “எடுத்துடும்மான்னு நானே சொல்லிட்டேன். ஒரே வார்த்த.”

இப்போது தங்கவயலில் அது பிரபலமான கதை. கேட்பவர்கள் வியக்கிறார்கள். அவர் முகம் பளபளக்கிறது. நான் திருடியதை அவர் தன் சொத்தென்று ஊருக்கெல்லாம் காட்டி மகிழ்கிறார்... இனி அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? உண்மையைச் சொன்னால் அவருக்கு நினைவு திரும்பக் கிடைக்கும், துணிச்சல் பறிபோகும். அப்படியெல்லாம் நுட்பமாக யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், உங்களையும் ஏமாற்றிவிட்டேன். பயம். வெறும் பயம்!

நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெரு தேவராஜ் கைத்தடியோடு வந்தார். அவருக்கும் சர்க்கரை; அவருக்கும் பாதம் கறுத்திருக்கிறது. பெங்களூருக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். பயத்தில் உதடு காய்ந்திருந்தது. மாமா அவரைத் தன் கட்டிலிலேயே உட்காரவைத்தார்.

“டேய், நானும் பயந்தவன்தான். ஆனா அந்தம்மா கேட்டப்ப நானே சரின்னேன். சந்தேகமா இருந்தா மாப்ளய கேளு. பக்கத்துலயே இருந்தாரு.”

தேவராஜ் என்னைப் பார்த்தார். “அவரே சொன்னாரா சார்?”

“ஆமாம்,” என்றேன். “நான்தான் டாக்டருக்குச் சொன்னேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். தடியை ஊன்றி எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“நானும் அந்த டாக்டரம்மாகிட்டயே போறேன் சார். ஆனா எனக்கு அந்தம்மா பேச்சு புரியாது. நீங்க கூட வந்து, நான் சொல்றத அவங்களுக்கு எடுத்துச் சொல்றீங்களா? நீங்க இருந்தா எனக்குத் தெகிரியம்.”

மாமா உள்ளிருந்து, “வருவாரு, வருவாரு!” என்று எனக்காகச் சம்மதம் சொன்னார்.

திங்கட்கிழமை போகிறோம். தேவராஜ் என்ன சொல்லப்போகிறாரோ, எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ... அதுவும் எனக்குத் தெரியாது.