தலையணைக்கு ஒரு கீறல், சட்டைக்கு ஒரு கீறல்

என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தால் எனக்கு மூச்சு நின்றுபோகும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நோயில் நான் பட்ட பாட்டில் பாதி, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதால் வந்தது. இரைப்பு (மூச்சுக்குழல் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர மறுப்பது) உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

அவருக்குப் பர்மாவில் கடைப் பொறுப்பு. மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே காரைக்குடியில். எங்கள் சமூகத்தில் பெண்கள் புருஷனோடு அங்கே போவதில்லை. அவர் இல்லாதபோது மற்றப் பெண்களோடு கூடத்தில் வெறும் பாயில் படுப்பேன். எங்கள் இருவருக்கென்று இருந்த அறை பூட்டிக் கிடக்கும். கல்யாணத்தில் என்னைப் பெற்ற அப்பச்சி சீராகக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தைகளும் பதினாறு தலையணைகளும் அதற்குள் அடுக்கியிருக்கும். அவர் வருகிறார் என்று கடிதம் வந்தால்தான் சாவியை எடுப்பேன்.

முதல் தடவை அவர் திரும்பி வந்த அன்று தும்மல். நான்காம் நாள் காலை, கோலம் போடக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. என் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துகிற சத்தம். படுக்க முடியாது, சாய்ந்துதான் உட்கார வேண்டும். ஒரு தலையணை போதவில்லை என்று இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மாமியார்தான் பார்த்துப் பார்த்து முதுகுக்கு அண்டக் கொடுத்தார்கள். லேகியம், கஷாயம், பத்தியம் எல்லாம் ஆயிற்று. ஒன்றும் கேட்கவில்லை.

பார்க்கச் சகிக்காமல் அவர் இரண்டு மாதம் முன்னதாகவே கப்பலேறினார். அறையைப் பூட்டினோம். மறுவாரம் நான் நன்றாகிவிட்டேன்! அப்படி நன்றானதைப்போல ஒரு கேடு எனக்கு வேறு வந்ததில்லை.

"அவன் வந்தா இழுக்குது, போனா நிக்கிது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்கள் உறவில். ஜாதகத்தைத் திரும்பவும் எடுத்தார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? மூச்சு என்னுடையதாயிற்றே.

மூன்று வருஷம் கழித்து அவர் வந்தபோது என் நகக்கண் நீலமாகிவிட்டது. உள்ளூர் டாக்டர் அட்ரினலின் ஊசி (மிருகத்தின் சுரப்பியிலிருந்து எடுத்த, மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்து) போட்டார். நெஞ்சு படபடவென்று அடித்தது, ஒரு நாழிகை மூச்சு வந்தது, மறுபடி அடைத்தது. மாமியார் என் எதிரில் உட்கார்ந்து அழுதார்கள்.

"உமையா, நீ நல்லா இருக்கணும்னா அவன் இங்குட்டு வரக்கூடாது. பிள்ளையும் இல்ல. அவனுக்கு வேற ஒண்ணு பாக்கச் சொல்றாக. நான் என்ன செய்ய ஆத்தா?"

பதில் சொல்ல எனக்குக் காற்றில்லை. செத்தால் தேவலை என்றுதான் நினைத்தேன். அவர்தான் பிடிவாதமாக, கடைசியாக ஒரு தரம் என்று, மதுரைக்குக் காரில் கொண்டுபோனார்.

அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டவர் ஒரு லேடி டாக்டர். என் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, ஈயோசின் (சிவப்புச் சாயம்) ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். வெளிறிய வட்டங்களுக்கு நடுவே, குங்குமப்பொடி தூவியதுபோல் சில அணுக்கள்.

"அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கணும் ஆச்சி. உங்களுக்கு நிறைய இருக்கு, சளியிலயும் இருக்கு. உடம்பைக் காவல் காக்குற வெள்ளை அணுக்கள்ல இது ஒரு வகை. ஒரு கெடுதலும் செய்யாத எதையோ உங்க உடம்பு எதிரின்னு நெனைச்சிருக்கு. அந்தச் சண்டையில புண்ணாகுறது உங்க மூச்சுக்குழல். இந்த அணுக்கள் சண்டை போட வருதா, முடிஞ்சப்புறம் துப்புரவு பண்ண வருதான்னு எங்களுக்கே இன்னும் தெளிவாத் தெரியாது."

எதிரி என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க இங்க வந்து அஞ்சு நாளாச்சு. இவர் உங்க பக்கத்துலயேதான் இருக்கார். நேத்துலருந்து இழுப்பே இல்லையே? இவர் ஊருக்கு வந்தா வீட்டுல வேற என்ன மாறும்?" என்று டாக்டர் கேட்டார்.

"அறையைத் தொறப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

தலையணையில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நான் விடவில்லை. "அவுக சட்டையையும் சோதிச்சுப் பாருங்க" என்றேன். டாக்டர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. முன்கையில் இரண்டு கீறல். பஞ்சின் தூசியை ஊறவைத்த நீர் ஒன்றில், சட்டையை அலசிய நீர் மற்றதில். காப்பி ஆறும் நேரத்தில் பஞ்சுக் கீறல் சுண்டைக்காய் அளவுக்குத் தடித்து அரித்தது. சட்டைக் கீறல் கீறலாகவே இருந்தது.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல" என்றேன். அத்தனை பேர் நடமாடும் தாழ்வாரத்தில் அந்த மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் தலையணை பதினாறையும் மாமியார் வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். "என் கையாலயே அண்டக் குடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். மெத்தைகளும் போயின. அறையைக் கழுவி ஒரு பாய் மட்டும் போட்டோம்.

இதோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். மறுநாள் நடுப்பகலில் அறையில் உட்கார்ந்திருந்தேன். வளவில் (நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) அவர் நடந்து வரும் சத்தம் கேட்டது. நெஞ்சு இறுகிற்று. தூசியில்லை, பஞ்சில்லை, வெறும் காலடிச் சத்தம்! அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"நான் வெளிய இருக்கட்டுமா?"

"வாங்க" என்றேன், இரைத்துக்கொண்டே. "உள்ள வாங்க."

தினமும் வந்தார். தினமும் இறுகிற்று, கொஞ்சம் கொஞ்சம் குறைந்துகொண்டு. ஒருநாள் காலை அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான், நெஞ்சு சும்மா இருப்பதைக் கவனித்தேன். அது அவர் கப்பலுக்குப் புறப்பட்ட நாள்.

மற்றவர்கள் காலத்தைத் தீபாவளி, பொங்கல் என்று எண்ணுகிறார்கள். நான் அவர் வருகையை வைத்து எண்ணுகிறேன், நெஞ்சு என்னைவிட நன்றாக எண்ணும். அவர் வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அறையைப் பூட்டுவதில்லை. நடுப்பகலில் அங்கே பாயில் உட்கார்ந்து, வளவில் யார் நடந்தாலும் நெஞ்சில் கையை வைத்து அதற்குச் சொல்லிக்கொடுக்கிறேன்: அவுகளும் இப்படித்தான் வருவாக, பயப்படாதே.