பொழிச்சலூரில் பத்து நிமிட மாப்பிள்ளை

பல்லாவரத்தில் நான் ஏறிய ஷேர் ஆட்டோ பொழிச்சலூரில் படுத்துவிடுகிறது. எதிரே காலி மனையில் ஓர் அக்கா வெள்ளைக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். வேடிக்கை பார்க்கப் போன என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"சும்மாதான நிக்கிறீங்க சார்? மாப்ள மாதிரி மேல குந்துங்க. நாளைக்கு ஊர்வலம் கீது. போன வாட்டி மேளச் சத்தம் கேட்டு மாப்ளயோட ஓடிப்பூட்டா இவ. பதினைஞ்சு நாளா டின்னு தட்டிப் பழக்கிகினு கீறேன்."

இதைக் கேட்ட பிறகும் ஏறுகிறேன். இதுவரை யாரும் என்னை மாப்பிள்ளையாக்க முன்வந்ததில்லை. என் கழுத்தில் சாமந்தி மாலை விழுகிறது. அக்கா தகர டின்னை வெளுத்து வாங்குகிறார். நான் குனிந்து குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறேன். அது அசையவில்லை. தலைக்கு மேல் விமானம் உறுமிக்கொண்டு இறங்குகிறது. அதற்கும் அசையவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

அப்போதுதான் குதிரை நிதானமாகத் தலையைத் திருப்பி, தொங்கும் மாலையை மென்று தின்னத் தொடங்குகிறது.

"அக்கா, மாலையைத் தின்னுது!"

"துண்ணட்டும் சார், ஓடல இல்ல? பொண்ணு வூட்ல சொல்லி மாப்ளைக்கு ரெண்டு மாலையா கட்டச் சொல்றேன்."