கேட் திறந்தும் எழுந்திருக்காத பண்ணையார்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் பெரிய வரிசை நிற்கிறது. பஸ் டிரைவர் மேல், லாரிக்காரர்கள் மேல், ஒரு தங்க ஃபிரேம் கண்ணாடி மேல்... கடைசியாக, என் இடது கால் மேல்.

அன்றைக்கு விழுப்புரத்தில் என் அக்கா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு மணிக்கு. நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். தாய்மாமன் வராமல் தட்டைத் தொட மாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். இதைப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மிரட்டல்! ஆகவே கஞ்சி போட்ட வேட்டி, சலவைச் சட்டை, முறுக்கிவிட்ட மீசை, கையில் ஒரு பை நிறைய மல்லிகைப்பூ — திண்டிவனத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

ஊரைத் தாண்டினால் ரயில்வே கேட். சாத்தியிருந்தது.

கேட் சாத்தியிருந்தால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்குச் சந்தேகம் ஆரம்பிக்கும். ரயில் வராமலே போய்விட்டால்? வந்து நடுவில் நின்றுவிட்டால்? கேட்கீப்பர் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தால்? கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கண் வைத்துக்கொண்டே இருந்தால் முள் பயந்துகொண்டு மெதுவாகப் போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

"எப்ப திறப்பாங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன். அப்புறம் இன்னொரு தரம். அதற்கப்புறம் இன்னொரு தரம்.

"சார், நான் பஸ் கண்டக்டரு. ரயிலை நான் வுடலை" என்றார்.

நியாயம்தான். பூப்பையை ஸீட்டில் போட்டுவிட்டு இறங்கினேன்.

கேட்டுக்கு முன்னால் நடுரோட்டில் ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. வட்டத்துக்குள் ஒரு மர நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த முகம் — தனசேகர். திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர். வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கச் சொல்லித்தருவார். ஏழாவது நாள் நாடகம் போடுவார். சபாவில் அல்ல. மல்லாட்டை — அதுதான், வேர்க்கடலை — காய்கிற களத்தில் போடுவார், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் போடுவார். இப்போது கொஞ்ச நாளாக ரயில்வே கேட்டில்.

"ஏன் சார், ஒரு ஹால் கிடைக்கவில்லையா?" என்றேன்.

"ஹால்ல போட்டா யாருங்க வர்றாங்க? இங்க பாருங்க. ரெண்டு பஸ்ஸு, நாலு லாரி, ஒரு கல்யாண வேனு. ஒருத்தரும் எழுந்து போவ முடியாது. போனா ரயிலு அடிச்சிடும்."

இப்படி ஒரு ரசிகர் கூட்டத்தை யாராவது பிடித்ததுண்டா? மனசுக்குள் சபாஷ் போட்டேன். அத்தோடு நான் பஸ்ஸுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

"சார், பண்ணையாருக்குப் புட்டாளம்மை" என்றார் தனசேகர்.

"எந்தப் பண்ணையாருக்கு?"

"எங்க நாடகத்துப் பண்ணையாருக்கு. கன்னம் ரெண்டும் வீங்கிக்கினு வீட்ல படுத்துக்கிறாரு." சொல்லிக்கொண்டே என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மீசை, தொப்பை, வேட்டி. சந்தையில் கிடாவைத்தான் அப்படிப் பார்ப்பார்கள். "வசனம் எதுவும் இல்லீங்க. நாற்காலில உக்காந்து, கால் மேல கால் போட்டுக்கினு, கேட்டா 'ஊம்'னு ஒரு சத்தம் குடுத்தா போதும்."

"எனக்கு நடிக்க வராது, தனசேகர்!"

"நடிக்கவே வேணாம் சார். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே உக்காருங்க."

பார்த்தீர்களா? மேக்கப் கூட வேண்டாமாம்! என் முகத்தில் எங்கே இருக்கிறார் பண்ணையார்? நானும் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தேடினேன். அவர் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

முடியாது, ராகுகாலம், அக்கா, மல்லிகைப்பூ என்று எல்லாவற்றையும் சொல்லிப் பின்வாங்கும்போதுதான் அந்தப் பெண் முன்னால் வந்தாள். கனகா. முப்பது வயது இருக்கும். மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை. அந்தக் குழுவில் ஒரே பெண் அவள்தான்.

"சார், கொஞ்சம் உக்காருங்க சார். இன்னிக்கி வுட்டா எனக்கு வேற நாளு இல்ல."

"ஏம்மா?"

"அதோ டீக்கடையாண்ட தலப்பா கட்டிக்கினு நிக்கிறாரு பாருங்க. அவரு என் வூட்டுக்காரரு. மூட்டை தூக்குறாரு. 'வாராவாரம் இன்னாதான் பண்றேன்னு நானே இன்னிக்கி வந்து பாக்குறேன், புடிக்கலன்னா இதோட சரி'ன்னுட்டாரு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? காரணத்தைத் தனசேகர் சொன்னார். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

நாடகத்தின் கதை இதுதான். ஒரு கூலிக்காரப் பெண், பண்ணையார் வீட்டுத் தெரு வழியாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்துவிடுகிறாள். பண்ணையாரின் கையாள் அவளை நிறுத்துகிறான். செருப்பைக் கழற்ற வைக்கிறான். கழற்றியதை அவள் தலையிலேயே வைத்து நிற்கச் சொல்கிறான். பண்ணையார் 'ஊம்' என்கிறார். கடைசி இரண்டு நிமிஷத்தில் அவள் செருப்பைத் தலையிலிருந்து எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு பேசுகிறாள். நாடகம் முடிகிறது.

ஆனால் இதுவரை ஒரு நாளும் முடிந்ததில்லை!

அந்த இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் ரயில் போய்விடும். கேட் ஏறிவிடும். அவ்வளவுதான் — ஹாரன், புகை, தூசி! நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடுவது ஒன்றுதான் வழி. ஆக, திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவே போய்வருகிற ஜனம் எல்லாம் கண்டது என்ன? கனகா தலையில் செருப்போடு நிற்பதை. அதை மட்டும். ஊர் டீக்கடையில் அவள் புருஷனிடம் வந்து சேர்ந்த செய்தி என்ன? "இன்னாபா ஏழுமலை, உன் பொண்டாட்டி நடுரோட்ல தலையில செருப்பு வெச்சிக்கினு நிக்கிறாளாமே?"

எந்த மனுஷனுக்குத்தான் பொறுக்கும்?

"அப்போ நாடகத்தைக் குறைத்துத் தொலைக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"குறைச்சிப் பாத்துட்டோம் சார். நாங்க குறைச்சா ரயிலும் ஜல்தியா வந்துடுது."

"முடிவை முதலில் போட்டுவிட்டால்?"

இதற்குக் கனகாதான் பதில் சொன்னாள். "தலையில வெக்காமலே கால்ல போட்டுக்கினா அது இன்னா சார் சேதி? டெய்லி போடுற செருப்புதானே?"

உட்கார்ந்தேன். இடது காலை அடியில் வைத்து அதன் மேல் வலது காலைப் போட்டேன். மொத்த கனமும் அந்த இடது தொடையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தார்கள். லைட் இல்லை, மைக் இல்லை, திரை இல்லை. கையாளாக வந்த இளைஞன் போட்ட அதட்டலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் ரயில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் வந்தால் கனகா கதி அதோகதி. தாமதமாக வந்தால் என் கதி. இரண்டுக்கும் நடுவே எனக்கு வேர்த்து ஊற்றியது. பார்த்தவர்கள் 'பண்ணையார் நல்லா கொதிக்கிறாரு' என்று பேசிக்கொண்டார்கள்.

கனகா செருப்பைக் கழற்றினாள். தலையில் வைத்தாள்.

லாரி மேல் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன்கூட பீடியை இறக்கிவிட்டான். எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் நின்ற ஒரு தங்க ஃபிரேம் கண்ணாடி மட்டும், "கர்மம், கர்மம்! இதுக்குப் பேரு டிராமாவா? ஒரு சீன் உண்டா, ஒரு பாட்டு உண்டா?" என்று முனகிக்கொண்டே இருந்தார். முனகினாரே தவிர, கண்ணை எடுக்கவில்லை.

டீக்கடைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏழுமலை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றீங்க, ஆண்டே?" என்று கையாள் என்னைக் கேட்டான்.

"ஊம்" என்றேன். கரெக்டாகச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரயில் வந்தது. தடதடவென்று போயிற்று. கடைசிப் பெட்டி தாண்டியதோ இல்லையோ, கேட் மேலே ஏற ஆரம்பித்தது.

ஐயா, அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்! என்னமோ கேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கம் அள்ளிக் கொடுக்கிற மாதிரி ஓட்டம். தங்க ஃபிரேம்தான் முதலில் பஸ்ஸுக்குள் பாய்ந்தார். அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன்! ஒரு பெண் அவமானப்படுவதைப் பார்க்க முன்வரிசை வேண்டும். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தால் நமக்கு அவசரம். ரயிலுக்காகக் கை கட்டி நிற்கிறோம். மந்திரி கார் போவதற்காக வெயிலில் நிற்கிறோம். இவளுக்காக இரண்டு நிமிஷம் நின்றால் என்ன குறைந்துபோகும்?

இந்தக் கேள்வியெல்லாம் அப்போது எனக்குத் தோன்றியது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அப்போது தோன்றியது ஒன்றுதான் — கேட் திறந்தாச்சு, ஓடு!

ஓட எழுந்தேன். எழ முடியவில்லை.

இடது கால் மரத்துப்போயிருந்தது. இடுப்புக்குக் கீழே அப்படி ஒரு கால் எனக்கு இருப்பதற்கான அறிகுறியே இல்லை. எதிரே எங்கள் பஸ், கொம்பு சீவிய காளை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறது. பயத்தில் மற்றக் காலும் கூட்டு சேர்ந்துவிட்டது. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"யோவ் பண்ணையாரு! எழுந்திரிய்யா! பேஜாரு பண்ணாத!" டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரே வசனம்தான் வெளியே வந்தது.

"ஊம்."

அவ்வளவுதான்! கிளீனர் பையன் விசில் அடித்தான். கூட்டம் சிரித்தது. ஏறப்போனவர்கள் படியிலேயே நின்றார்கள். சிரிப்பில் டிரைவருக்கு ஹாரன் அடிக்க மறந்துவிட்டது. ஒரு பத்து விநாடி அமைதி.

அந்த அமைதியைக் கனகா விடவில்லை.

செருப்பைத் தலையிலிருந்து எடுத்தாள். ரோட்டில் போட்டாள். நிதானமாக ஒரு காலை நுழைத்தாள். அப்புறம் இன்னொரு காலை.

"இந்த ரோட்டுக்கு ஜல்லி கொட்டினவ எங்க ஆத்தா. தாரு ஊத்தினவ நானு. கொதிக்கிற தாருல நின்னப்ப, 'உன் காலு பொசுங்குதே, செருப்பு இருக்குதாடி'ன்னு ஒருத்தரு கேட்டீங்களா? அன்னிக்கி உன்னுதா இல்லாத தெருவு, நான் நடக்குறப்ப மட்டும் உன் தெருவா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், 'ஊம்' கூட வரவில்லை.

"இது என் தலை. இது என் காலு. செருப்பு எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

அத்தோடு நாற்காலியைச் சுற்றி வந்து நிற்பதுதான் நாடகமாம். அவள் நிற்கவில்லை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் முன்னால் நடந்து, திறந்து கிடந்த கேட்டுக்குள் போய், தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டாள். செருப்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. தனசேகர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். முதல் தடவையாக அவருடைய நாடகம் முடிந்திருக்கிறது.

நானோ இன்னும் நாற்காலியில்!

அப்போது ஏழுமலை என்னை நோக்கி வந்தார். வேகமாக வந்தார். முறுக்கிய தலைப்பாகை கையிலேயே இருந்தது. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் மனைவியின் தலையில் செருப்பு வைக்கச் சொன்ன பண்ணையார் நான்தானே? 'நான் இல்லைங்க, அவருக்குப் புட்டாளம்மை' என்று சொல்ல நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலி காற்றில் எழும்பியது.

மல்லாட்டை மூட்டை தூக்குகிற கை. என்னையும் நாற்காலியையும் சேர்த்து அலாக்காகத் தூக்கிக் கொண்டுபோய் ரோட்டோரம் புளியமரத்தடியில் இறக்கினார். கண்ணைத் திறந்தேன். அவர் கண் சிவந்திருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கனகாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வர்ற வாரமும் நீங்களே வந்து உக்காருங்க சார். அது பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

சொல்லிவிட்டுத் தலைப்பாகையை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, மனைவியைப் பார்க்கக் கேட்டைத் தாண்டிப் போனார்.

எங்கள் பஸ் எனக்காக நின்றதா? நின்றால் அது பஸ்ஸா? கண்டக்டர் மல்லிகைப் பையை மட்டும் ஜன்னல் வழியாக என் மடியில் எறிந்துவிட்டு, "பண்ணையாரே, ரைட்!" என்று விசில் கொடுத்துப் போய்விட்டார். விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் நடுக்கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்றாள் அக்கா. சொன்னேன். பத்து நாளைக்கு என் முகத்தில் விழிக்காதே என்றுவிட்டாள். பெண் பிடித்துவிட்டது என்று அவர்கள் போகும்போது சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்திலும் பத்து நாளில் ஒரு நாளைக்கூட அவள் குறைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. கேட்டில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் தைரியசாலி என்று பேசிக்கொள்கிறார்களாம். பஸ்ஸுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தாராம்! தனசேகர் வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போன காலைப் பற்றி எவ்வளவோ சொன்னேன். தன்னடக்கம் என்கிறார்.

நல்லது. தைரியசாலிகளுக்காகக் காத்திருந்தால் இந்த ஊரில் எந்தப் பெண்ணும் பேசி முடிக்கப்போவதில்லை. அதுவரை பயந்தாங்கொள்ளிகளாவது நகராமல் இருப்போம்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போகிற டிரைவர்களே... நடுரோட்டில் நாற்காலி போட்டு ஒரு தொப்பை ஆசாமி உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள் — அவருக்குக் கால் மரத்திருக்கும்.