மடியை உதறிக் காட்டியவள்

கூடலூரிலிருந்து தினமும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண் கங்காணி நான். காய் களவு போனால் முதலாளி என்னைத்தான் கேட்பார். அதனால் நான் யாரையும் நம்புவதில்லை.

புதிதாக வந்த செல்வி, வேலையை விட்டுவிட்டு அடிக்கடி புதருக்குள் போனாள். மடியில் காயைக் கொண்டுபோய் ஒளிக்கிறாள் என்றே நினைத்தேன். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஒதுங்கணும்" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அப்புறமும் போனாள். ஒரு நாள் பின்னாலேயே போனேன்.

குத்தவைத்து அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, முதலில் மடியைத்தான் உதறிக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லக்கா, பாத்துக்கங்க. எரியுதுக்கா. சொட்டுச் சொட்டாத்தான் வருது."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யூரின் டெஸ்ட் எடுத்து, சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிச்சா ஒதுங்கணும். அக்கா வைவாக" என்றாள், என்னைப் பார்க்காமலே.

இப்போது தண்ணீர்க் கேன் ஏற்றாமல் ஜீப்பை எடுக்க விடுவதில்லை. எத்தனை தடவை ஒதுங்கினாலும் ஏனென்று கேட்பதில்லை. ஆனாலும் ஒருத்தி புதரை விட்டு வெளியே வந்தால், என் கண் இன்னமும் முதலில் அவள் மடிக்குத்தான் போகிறது.